ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போறீங்களா? லிஸ்ட்டின் கடைசி ஐட்டத்தை முதலில் பாருங்க!

"அண்ணே, ஐ5 எவ்ளோ?"

"எந்த ஜெனரேஷன் தம்பி? மதர்போர்டு வெச்சிருக்கியா, புதுசா எடுக்கணுமா?"

கேட்ட பையன் திரும்பி அப்பாவைப் பார்ப்பான். அப்பா கையிலிருக்கும் பேப்பரைப் பார்ப்பார். சென்னை ரிச்சி தெருவில் சனிக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு ஜோடி கண்ணில் படாமல் இருக்காது. காலேஜ் சேரப்போகும் பிள்ளைக்கு ரெடிமேடாக வாங்குவதைவிட, பாகங்களைத் தனித்தனியாக எடுத்து அசெம்பிள் செய்தால் அதே காசுக்கு நல்ல மெஷின் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது சரிதான். எடுக்கத் தெரிந்தால்!

அண்ணா சாலையை ஒட்டிய இந்தத் தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை வெளியூர்க்காரர்கள் கவனத்தில் வைக்கவும்.

அப்பாவின் பேப்பரில் பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி, கேபினெட் என்று வரிசையாக இருக்கும். கடைசி வரியில் எஸ்.எம்.பி.எஸ், அதாவது பவர் சப்ளை. பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கை வைப்பது இதில்தான். "கேபினெட்டோடயே வருது சார், தனியா எதுக்கு?" என்று கடையிலும் சொல்வார்கள். வேகமும் கூடாது, படமும் கூடாது, பிறகு இதற்கு எதற்குச் செலவு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகவும் அதற்கும் கீழேயும் குறைத்து எல்லாப் பாகங்களுக்கும் கொடுப்பது அந்தப் பெட்டிதான். மட்டமான பெட்டியில் 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அவ்வளவு தாங்காது. கரன்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் ஒருநாள் அது பழுதானால் தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் எஸ்.எஸ்.டி-யையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். எஸ்.எஸ்.டி-யில் இருந்த பிராஜெக்ட்டும் குடும்ப போட்டோக்களும் எந்த வாரன்டியிலும் திரும்ப வராது.

'80 பிளஸ்' முத்திரை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புச் சான்று அல்ல. வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்பது எளிய வழி. ஒரு வருடம்தான் என்றால் யோசியுங்கள். ஐந்து வருடம் தருகிற பெட்டியை நம்பி எடுக்கலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மெஷினுக்கு நல்ல 450 வாட்ஸ் தாராளம். பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்னால் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம்மூரில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து ஆன் செய்தால் டமால்!

அடுத்தது பொருத்தம். பிராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டாக இருக்க வேண்டும். ஏ.எம்.டி-யில் ஏ.எம்.4 போர்டுக்கு டி.டி.ஆர்4 ரேம், ஏ.எம்.5 போர்டுக்கு டி.டி.ஆர்5. வெட்டு இருக்கும் இடமே வேறு என்பதால் ஒன்று இன்னொன்றில் நுழையாது. இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வாங்காவிட்டால் மானிட்டரில் எதுவும் தெரியாது.

ரேம் வாங்கப் போனால் இப்போது பகீர் என்கிறது. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை வாரிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து விலை எகிறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் தன் 'குரூஷியல்' பிராண்டில் சில்லறை விற்பனையை நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எனவே, வீட்டில் கெட்டுப்போன கம்ப்யூட்டர் இருந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் திறந்து பாருங்கள். உள்ளே டி.டி.ஆர்4 ரேம் இருந்தால் அதை வைத்தே ஏ.எம்.4 மெஷின் கட்டலாம். டி.டி.ஆர்3 என்றால் விட்டுவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்கள் "ஐ7 சார், சூப்பர் கண்டிஷன்" என்றதும் மயங்க வேண்டாம். எத்தனையாவது ஜெனரேஷன் என்பதுதான் முக்கியம். ஐ7-4770 என்றால் முதல் எண் 4, நான்காவது ஜெனரேஷன், 2013-ல் வந்தது. ஐ5-8400 எட்டாவது. ஐ5-12400 பன்னிரண்டாவது. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பது, ஓரிரு மாடல்கள் தவிர்த்து, எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான். ஆபீஸ்கள் கழித்துவிடும் பழைய மெஷின்கள் சந்தைக்கு வரும் காரணங்களில் இதுவும் ஒன்று. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அது யோகம்தான். மற்றவர்களுக்குத் தலைவலி. ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ், மதர்போர்டு இரண்டுமே தனி அளவில் இருக்கும். ஒன்று போனால் வெளியில் வாங்கி மாட்ட முடியாது.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும், வாரன்டிக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். மதர்போர்டு சாக்கெட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாதீர்கள். சாக்கெட்டில் பின் வளைந்திருந்தால் வாரன்டி கிடைப்பது கஷ்டம். திருப்பி அனுப்பும்போது அதைக் காப்பது இந்த மூடிதான்.

எல்லாம் மாட்டி ஆன் செய்ததும், ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே மட்டும் வராது. உடனே கடைக்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இரண்டு முனையும் 'கிளிக்' என்று உட்கார வேண்டும். போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பலரும் பாதியில் விட்டுவிடுவது அங்கேதான்.