யத்தீம்களின் அமானிதம் கை மாறும்போது...

நம் ஊர்களில் உள்ள யத்தீம்கானாக்கள் பல, யாரோ ஒரு பெரியவரின் ஈர நெஞ்சிலிருந்து பிறந்தவை. தம் வீட்டையோ தோட்டத்தையோ எழுதி வைத்து, கடை வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைக்கச் செய்தவர்கள் அவர்கள். அத்தகைய பெரியவர் உயிரோடிருக்கும் வரை அவரே தலைவர், அவரே பொருளாளர். ஊர் அவர்மீது வைத்த நம்பிக்கையே கணக்குப் புத்தகம். அவர் மறைந்த பின்னர்தான், "இனி யார்?" என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடி வைக்காத இடங்களில் நேர்வது என்ன? வாரிசுகள் ஒருபுறமும் ஜமாஅத்தார் மறுபுறமும் நிற்கின்றனர். காசோலையில் கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்ற வழக்கில் வங்கிக் கணக்கு முடங்கிப் போகிறது. பெரியவர்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் அந்நாட்களிலும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். பள்ளிக் கட்டணத்திற்கான தேதி வரும். நிர்வாக மாற்றத்தைப் பதவிப் போட்டியாக மட்டும் கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

திருமறை காட்டும் நெறி

யத்தீம்களின் பொருளைப் பராமரிப்போருக்கு அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் தெளிவான நெறிகளை வகுத்துள்ளது. பிள்ளைகள் பக்குவமடைந்துவிட்டனரா என்று சோதித்தறிய வேண்டும். அவர்கள் வளர்ந்து கேட்டுவிடுவார்களோ என்று அவசரப்பட்டு அவர்களின் பொருளை விழுங்கிவிடலாகாது. பொறுப்பாளர் வசதி படைத்தவராயின் எதையும் பெறாமல் தவிர்ந்து கொள்ள வேண்டும். ஏழையாயின் நியாயமான அளவே எடுத்துக் கொள்ளலாம். பொருளைத் திரும்ப ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக் கொள்ள வேண்டும்.

நேர்மையானவருக்கும் சாட்சிகள் வேண்டும் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்று நாம் தணிக்கை என்கிறோமே, அதன் வேர் இவ்வசனத்திலேயே இருக்கிறது. கணக்குக் கேட்பது ஒருவரை அவமதிப்பதாகாது. அவரது நாணயத்திற்கு அதுவே பாதுகாப்பு.

பெருமானார் (ஸல்) அவர்கள், தம் அன்புக்குரிய தோழர் அபூதர் (ரலி) அவர்களிடம், இருவருக்குக்கூடத் தலைமை ஏற்க வேண்டாம் என்றும், யத்தீமின் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்றும் கூறிய செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அபூதர் (ரலி) அவர்களின் இறையச்சத்தில் குறை காண எவருமில்லை. எனினும் நிர்வாகம் வேறொரு வகை ஆற்றல். பக்திமான் என்பதாலோ, நிறுவனரின் மகன் என்பதாலோ மட்டும் ஒருவரைத் தலைவராக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோழிக்கோட்டில் ஒரு நூற்றாண்டு

1921-இல் மலபாரில் மூண்ட கிளர்ச்சியையும் அதனைத் தொடர்ந்த அடக்குமுறையையும் அடுத்து, எண்ணற்ற மாப்பிள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகள் தந்தையரை இழந்தனர். அச்செய்தி அறிந்து பஞ்சாபிலிருந்து உதவிக்கு வந்தது மௌலானா அப்துல் காதிர் கசூரி அவர்களின் குடும்பம். அவர்களின் முயற்சியால் 1922-இல் கோழிக்கோட்டில் உருவானதே ஜே.டி.டி. இஸ்லாம் அநாதை நிலையம்.

1947-இல் நாடு பிரிந்தபோது கசூர் நகரம் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டது. ஆயினும் நிறுவனம் மடிந்துவிடவில்லை. மலபார் மக்களே பொறுப்பேற்று நடத்தினர். இன்று பள்ளிகளும் தொழிற்கல்வி நிலையங்களும் கொண்ட பெரும் வளாகமாக அது விளங்குகிறது. நட்டவர்களின் ஊர் வேறு நாடாகிவிட்ட பின்னரும் மரம் நிழல் தருகிறது. தம் காலத்துக்குப் பின்னும் பிறர் ஏற்று நடத்தத் தக்கதாக ஒரு பணி அமைவதே, அதனைத் தொடங்கியவருக்கு நிலையான தர்மமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகக் குழுவினரது பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படக் கூடாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. குழுவில் மாறுதல் நேர்ந்தால் பதிவாளருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களுக்கு இது மட்டும் போதாது. தமிழகத்து அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், 2017 மே 5 அன்று விரிவான தீர்ப்பு வழங்கப்பட்டது. இத்தகைய இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒவ்வோர் இல்லத்திலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றும், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள இடத்தில் அவர்களுக்கென்றே பிள்ளைகள் குழு அமைய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. நடத்துவோர் அனைவரும் நல்லவர்களாயினும், ஒரு பிள்ளை அஞ்சாமல் தன் குறையைச் சொல்ல வழி இருந்தாக வேண்டும். 1098 என்ற உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில்

பொறுப்பு கை மாறும் நாளில் பழைய குழுவும் புதிய குழுவும் ஒன்றாக அமர வேண்டும். நிலப் பத்திரங்கள், வங்கி இருப்பு, கடன், தணிக்கை அறிக்கை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, சாட்சிகள் முன்னிலையில் இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். ஜகாத் நிதியின் கணக்கு தனியே காட்டப்பட வேண்டும். சொத்துகள் தனிநபர் பெயரில் இருந்தால் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட வேண்டும்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானவை பிள்ளைகளின் ஆவணங்கள். யார் எந்த ஊர், தாயார் இருக்கிறாரா, பிறப்புச் சான்றிதழ் எங்கே, யாருக்கு என்ன மருந்து என்பவை ஒருவரின் நினைவில் மட்டும் தங்கியிருந்து, அவர் விலகியதும் மறைந்து போகலாமா? பெண் பிள்ளைகள் தங்கும் இல்லமாயின், கற்றறிந்த பெண்மணிகளும் நிர்வாகத்தில் இடம்பெறுவது இன்றியமையாதது.

விலகுபவர் மனக்கசப்பின்றி விலகுவதற்கும் வழி செய்ய வேண்டும். முப்பதாண்டுகள் உழைத்தவரை ஒரே கூட்டத்தில் ஒதுக்கித் தள்ளுவது நன்றியறிதலாகாது. ஆலோசகராக அவரை உடன் வைத்துக் கொண்டால் அவரது அனுபவம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

நம் இல்லங்களின் பங்கு

ரமளானில் நன்கொடை கேட்டு வருவோரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ரசீது கேளுங்கள், ஆண்டறிக்கை கேளுங்கள், பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். பெருநாள் விருந்துக்கு மட்டுமின்றிச் சாதாரண நாள் ஒன்றிலும் சென்று பாருங்கள். தாய்மார்களே, உங்கள் கண்களுக்குத் தெரியும் குறைகள் வேறெந்தத் தணிக்கையாளருக்கும் தெரியாமல் போகலாம்.

யத்தீமைப் பராமரிப்பவர் சுவனத்தில் தம்முடன் இருப்பார் என்று இரு விரல்களைச் சேர்த்துக் காட்டிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். அந்த நெருக்கத்தை நாடுவோர், பொறுப்பை ஏற்கும் நாளிலும் அதைப் பிறரிடம் ஒப்படைக்கும் நாளிலும் ஒரே நேர்மையுடன் நடந்துகொள்ள அல்லாஹ் அருள்புரிவானாக!