தாத்தாவின் மாத்திரைக்கு யார் பணம் தருவது?

போன மாதம் உங்கள் வீட்டு மளிகை பில் எவ்வளவு? டக்கென்று சொல்லிவிடுவீர்கள். அப்பா, அம்மாவின் மாத்திரை பில்? கொஞ்சம் யோசிக்கிறீர்கள், இல்லையா? இது உங்கள் வீட்டுக் கணக்கு மட்டுமல்ல, நாட்டின் கணக்கும்கூட!

2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். ஆயுள் கூடுவது சந்தோஷம்தான். சிக்கல் அதன் வேகத்தில் இருக்கிறது. முதியவர்களின் எண்ணிக்கை நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதாக உயர, பிரான்ஸுக்கு ஏறக்குறைய 150 வருடம் கிடைத்தது. இந்தியாவுக்கு 20 வருடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பென்ஷன், இன்ஷூரன்ஸ், முதியோர் மருத்துவமனை என்று அவர்கள் ஆற அமர ஏற்பாடு செய்துகொண்டார்கள். நமக்கு அந்த அவகாசம் இல்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆபரேஷன்தான் பெரிய செலவு என்று நினைக்கிறோம். அதற்காவது அரசுக் காப்பீடு கைகொடுக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் திட்டத்தை விரிவாக்கியது. ஆனால், ஆஸ்பத்திரியில் 'அட்மிட்' ஆனால்தான் அது உதவும்.

ஷுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ்... இவையெல்லாம் மாதாமாதம் நம் பையிலிருந்துதான் போகின்றன. பிள்ளைக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடும் பெரியவர்கள் உண்டு. சில ரூபாய் மிச்சம்தான். பக்கவாதம் வந்தால்?

ஆஸ்பத்திரியும் மாற வேண்டும்

நமது ஆரம்ப சுகாதார நிலையங்கள் பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் ஆகியவற்றை மனதில் வைத்து வளர்ந்தவை. முதுமையின் நோய்களோ ஆயுள் முழுக்கக் கூடவே வருபவை. இதை உணர்ந்துதான் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் ஷுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. 2024-இல் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயை ஆரம்பத்திலேயே அடக்கி வைத்தால் வீட்டுக்கும் லாபம், அரசுக்கும் லாபம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வீட்டு வாடகை போல, பெரியவர்களின் மருந்துக்கும் மாத பட்ஜெட்டில் தனித் தொகை ஒதுக்குங்கள்.

* அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

* 65 வயதுக்கு மேல் புதிய ஹெல்த் பாலிசி எடுக்க இருந்த தடை 2024 ஏப்ரலில் நீங்கியது. ஆனாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க நேரலாம். அதனால் ஐம்பதுகளிலேயே எடுத்துவிடுங்கள்.

* 70 வயதானவர்களுக்கான அட்டை பற்றி, ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவில் இப்போதே விசாரியுங்கள். அவசரத்தில் அலைய வேண்டாம்.

"எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார் அப்பா. நம்பிவிடாதீர்கள். இன்றைக்கே அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள்!