தாயகம் திரும்பியோர் (நீலகிரி)

நீலகிரி மாவட்டத் தாயகம் திரும்பியோர் எனப்படுவோர், இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் முதலிய பகுதிகளில் குடியேறிய தமிழர்கள் ஆவர். இவர்களுள் பலர் இலங்கையில் பிறந்தவர்கள்; இந்தியாவை முன்னர்க் கண்டிராதவர்கள்.

நாடற்றோர் ஆனமை

1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் எனக் கோரியது. பிறப்புப் பதிவு ஆவணங்கள் இல்லாததால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர்.

அக்டோபர் 30, 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவிருந்தன. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்க 1974 இல் உடன்பாடு ஏற்பட்டது.

நடைமுறை

இந்தியக் குடியுரிமையை விரும்பியோர் கொழும்பிலோ கண்டியிலோ உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பித்தனர். கடவுச்சீட்டு பெற்றபின் அவர்கள் இலங்கையில் வெளிநாட்டவர் ஆயினர். வதிவிட விசாவின் காலம் முடியுமுன் வெளியேற வேண்டியிருந்தது. குடும்பத்தினரின் பெயர்கள் அடங்கிய குடும்ப அட்டையும் வழங்கப்பட்டது. மறுவாழ்வு உதவி பெற இதுவே அடிப்படைச் சான்று. தலைமன்னாரில் இருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தோர் மண்டபம் முகாம் வழியாகக் குடியேற்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

நீலகிரியில் குடியேற்றம்

இவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு, 1968 இல் தமிழ்நாடு வனத்துறை தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1976 இல் இது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டேன்டீ) ஆனது. இதன் தலைமையகம் குன்னூரில் உள்ளது. தோட்டக் குடியிருப்புகள் வேலையுடன் இணைந்தவை என்பதால், ஓய்வுபெறும் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு இன்மை நீண்டகாலச் சிக்கலாக இருந்து வந்துள்ளது.

விடுபட்டோர்

1984 இல் கப்பல் போக்குவரத்து நின்றது. கடவுச்சீட்டு பெற்றும் பயணிக்க இயலாமல் பலர் இலங்கையிலேயே தங்கினர். அக்டோபர் 30, 1964 முதல் அங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடியுரிமை பெற 2003 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம் வழிசெய்தது.

போர்க்காலத்தில் படகுகளில் தமிழகம் வந்த மலையகத் தமிழர்களோ அகதிகளாகவே பதியப்பட்டனர். முறையான பயண ஆவணங்கள் இன்மையால் இந்தியச் சட்டம் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதியது. பதிவின் மூலம் குடியுரிமை பெற இது தடையானது. 2019 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாமில் வாழ்ந்த இத்தகையோர் சிலரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டது.