நடுவில் அறுபடும் இழை

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கூட்டுக்கிணற்றிலிருந்து முறைவைத்து நீர் பாய்ச்சும் ஒருவர், மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிய நிலையில் அவசர காரியமாகக் கம்பத்துக்குப் போய்விட்டால், யந்திரம் பழுதின்றி இருந்தும், கிணற்றில் நீர் நிறைந்திருந்தும், அடுத்த முறைக்காரர் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். சி மொழியில் நிரல் எழுதுவோருக்கும் இத்தகைய சங்கடம் ஒன்று உண்டு.

ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருங்கே நடத்தும் த்ரெட் என்னும் இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், பொதுத் தரவைத் திருத்தும் இழை, பிற இழைகள் குறுக்கிடாதபடி மியூடெக்ஸ் என்னும் பூட்டைப் போட்டுக்கொள்கிறது. பூட்டிய இழை இடையில் மாய்ந்தால் சாதாரண மியூடெக்ஸ் தானாகத் திறப்பதில்லை. அந்த இழை திறந்த கோப்பும், மால்லாக் வழியே பெற்ற நினைவகமும் அநாதையாகக் கிடக்கும்.

1995இல் வந்த போசிக்ஸ் இழைத் தரநிலை இதற்கு நிதானமான ஏற்பாடொன்றைச் செய்தது. ஓர் இழையை ரத்துசெய்யப் பீத்ரெட்_கேன்சல் என்று அழைத்தாலும், வழக்கமான நிலையில், இழை அக்கணமே அறுபடாது. ரீட், ஸ்லீப், பீத்ரெட்_காண்ட்_வெயிட் போன்ற நிறுத்துமிடங்களை எட்டும்போதே அறுபடும். பீத்ரெட்_மியூடெக்ஸ்_லாக் இவற்றில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எக்கணத்திலும் அறுக்கும் முறை ஒன்றும் உண்டு. மால்லாக் தன் கணக்கைப் பாதி திருத்திய வேளையில் அறுந்தால் நினைவகமே குலையுமாதலின், அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அறுபடுமுன் நடக்கவேண்டிய துப்புரவுக் காரியங்களைப் பீத்ரெட்_கிளீனப்_புஷ் கொண்டு முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும்; கடைசியாகப் பதிந்தது முதலில் நிறைவேறும். கோப்பைத் திறந்ததற்கும், அதை மூடும் செயலைப் பதிவதற்கும் இடையே ஒரு பிரின்ட்எஃப் எழுதினாலும் ஆபத்துத்தான். அதுவும் நிறுத்துமிடமாகலாம், அங்கே அறுந்தால் கோப்பை மூடுவார் இல்லை. காண்ட்_வெயிட்டில் உறங்கும் இழையோ, ரத்தாகும்போது பூட்டை மீண்டும் கைப்பற்றிய பிறகே துப்புரவைத் தொடங்கும் ஆகையால், பூட்டைத் திறக்கும் செயலைப் பதிய மறந்தவரின் நிரல் ஸ்தம்பித்துவிடும். புஷ்ஷுக்கு இணையான பாப், அதே அடைப்புக்குறித் தொகுதிக்குள் இருந்தாக வேண்டும் என்பதும் நிபந்தனை.

2011இல் சி மொழித் தரநிலை இழைகளைத் தானே ஏற்றபோது ரத்து வசதியைச் சேர்க்கவில்லை. ஆண்ட்ராய்டின் பயோனிக் நூலகத்திலும் அது கிடையாது. அங்கெல்லாம் ஓர் அணுமாறியில் ‘நிறுத்து’ என்று குறித்து, இழை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதைப் பார்த்துத் தானே வெளியேறும்படி எழுதுகிறார்கள். தரவுக்காக உறங்கிக்கிடக்கும் இழைக்கு அக்குறி தெரியாதாகையால், ‘போல்’ என்னும் அழைப்பில் ஒரு பைப்பையும் சேர்த்துக் காக்கவைத்து, எழுப்பவேண்டிய நேரத்தில் அதில் ஒரு பைட்டை எழுதிவிடுகிறார்கள்.