பீச் வண்டிக்கு நேரமாச்சு

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பொழுது சாயும் நேரம்தான் சிரமம். ரயில்வேயில் ஓய்வுபெற்ற என் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு, "பீச் வண்டிக்கு நேரமாச்சும்மா, கேட்டைத் திற" என்பார். "ரிட்டயர் ஆயிட்டீங்க மாமா" என்று திருத்தினால் கோபம்தான் ஏறும். "காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றால் உட்கார்ந்துவிடுவார். டம்ளர் காலியாவதற்குள் வண்டி மறந்துபோகும்.

மாமாவுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளையின் ஹிப்போகேம்பஸைத்தான் அது பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லை. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஸ்டேஷன்கள் மட்டும் வரிசை தப்பாமல் வருகின்றன.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. சட்டைப்பையில் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு அவசியம். பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் அதைவிட அவசியம். நாத்தனார் சனிக்கிழமை ராத்திரி வந்து பார்த்துக்கொள்வதால்தான் என் உடம்பு தாங்குகிறது.