நெற்றி படும் விரிப்பு எவ்வளவு சுத்தம்?

ஸுஜூதில் நெற்றியோடு மூக்கும் தரையில் பட வேண்டும். ஒரு நாளின் பர்ளுத் தொழுகைகளில் மட்டும் ஒருவர் 34 தடவை ஸுஜூது செய்கிறார். அத்தனை தடவையும் அவர் இழுக்கும் மூச்சு விரிப்பின் நூலிழைகளுக்குள்ளிருந்துதான் வருகிறது. தரைவிரிப்பின் சுத்தம் நமக்குச் சுவாசத்தோடு நேரடியாகச் சேர்ந்த விடயம். ஆனால் நம் நிந்தவூரில் பெருநாளுக்கு முன் ஒரு தடவை தட்டி விரிப்பதோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது.

நம் வீட்டு ஹோல்களுக்கு வந்த கார்ப்பட்டுகளில் பல வளைகுடா நாடுகளிலிருந்து பெட்டிகட்டி அனுப்பப்பட்டவை. அங்கே அறையில் ஏ.சி. ஓடும், காற்று உலர்ந்திருக்கும். நம்முடையது கடற்கரை ஊர். ஆண்டின் பெரும்பகுதியில் இங்கே காற்றின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டி நிற்கிறது. மாரியில் துவைத்த சாரனே இரண்டு நாளைக்குக் காயாது. அங்கே கெடுதல் செய்யாமல் கிடந்த அதே விரிப்பு இங்கே வேறு ஒன்றாகிவிடுகிறது.

காரணம் தூசுண்ணி. அரை மில்லிமீற்றருக்கும் குறைவான இந்த உயிரைக் கண்ணால் காண்பது அரிது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளே அதன் உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உலர்ந்த காற்றில் அது மடியும், ஈரக் காற்றில் பெருகும். வீட்டுத்தூசு ஒவ்வாமைக்கு இதுவே மூலம் என்பதை 1964 இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் வூர்ஹோர்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் வெளிப்படுத்தினார்கள். அது கடிப்பதில்லை. அதன் எச்சத்திலுள்ள புரதம்தான் மூக்கையும் நுரையீரலையும் தொல்லைப்படுத்துகிறது. காலையில் எழுந்ததும் தொடர் தும்மல், கண் அரிப்பு, விடாத பீனிசம், இரவில் வரும் வறட்டு இருமல், முட்டு: ஒரே வீட்டில் இவை திரும்பத் திரும்ப வந்தால் படுக்கையையும் விரிப்பையும் சந்தேகியுங்கள். மெத்தையும் தலையணையும் கார்ப்பட்டை விடப் பெரிய இருப்பிடங்கள் என்பதால் கார்ப்பட்டை மட்டும் தூக்கி எறிந்தால் முட்டு மாறிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் தவழும் பிள்ளைக்கு அதுவே உலகம். முகம் அதன் மேலே, கை அதில், அடுத்த கணம் கை வாயில்.

நம் வீடுகளில் அதிகம் நடந்தும் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. பிள்ளை கார்ப்பட்டில் சிறுநீர் கழிக்கிறது. நஜீஸ் நீங்க வேண்டும் என்று உம்மா அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார், மேலே துணியால் ஒற்றுகிறார். தொழுகைக்கு இடம் சுத்தமாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் எங்கே போனது? நூலிழைகளைத் தாண்டி அடியிலுள்ள ஸ்பொஞ்சுக்குள் இறங்கி, டைல்ஸுக்கும் அதற்கும் நடுவே தேங்கி நிற்கிறது. நனைந்த விரிப்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சில நாளில் அறையில் எழும் புளித்த வாடைக்கு நாம் சாம்பிராணி போடுகிறோம். அந்தப் புகையும் முட்டுக்காரப் பிள்ளைக்குப் பகை. தண்ணீர் ஊற்றுவது சரியான காரியம். அதன் பிறகு விரிப்பைத் தூக்கி இரண்டு பக்கமும் காய வைப்பதும் அதே கடமையின் மறுபாதி என்பதை நம் உலமாக்கள் குத்பாவில் ஒரு தடவை சொன்னால் பல வீடுகள் திருந்தும். தூக்கவே முடியாதபடி சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்ப்பட் நம் ஊருக்கு ஏற்றதே அல்ல என்பது என் முடிவான கருத்து.

2024 நவம்பர் இறுதியில் வந்தது போன்ற வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால், ஊறிய கார்ப்பட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மலசலக்குழி நீரும் கலந்த தண்ணீர் அது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். வாய்க்காலில் தள்ளாமல், அகற்றுவது பற்றிப் பிரதேச சபையிடம் கேளுங்கள்.

சுத்தம் செய்ய நம்மிடம் இருக்கும் பெரிய மருந்து வெயில். விரிப்பை நேரடி வெயிலில் போட்டால் அதிலுள்ள உண்ணிகள் எல்லாம் செத்துவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டோவியும் வூல்கொக்கும் 1994 இல் காட்டினார்கள். நமக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்கள் அதற்கென்றே வாய்த்தவை. உச்சி வெயிலில் அடிப்பக்கமும் மேல்பக்கமும் மாற்றிப் போடுங்கள். செத்த உண்ணியின் எச்சம் இழைகளில் தங்கியிருக்கும் என்பதால் பிறகு முற்றத்தில் வைத்துத் தட்ட வேண்டும். தட்டுபவர் முகக்கவசம் போடட்டும், முட்டு உள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். உள்ளே தும்புத்தடியால் கூட்டினால் தூசு காற்றில் ஏறி மறுபடி அங்கேயே இறங்கும். முஸல்லாவையும் படுக்கை விரிப்பையும் 55 பாகைக்கு மேற்பட்ட சூட்டு நீரில் துவைத்தால் உண்ணி மிஞ்சாது. சுருட்டி வைக்கும் கார்ப்பட்டுக்குள் நப்தலீன் பூச்சி உருண்டை போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜீ6பீடீ என்ற நொதியம் குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சட்காமாலை வரை கொண்டுபோகும். குளோரோக்ஸை மலசலகூடம் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். எழுவது குளோரின் வாயு.

பிள்ளை மூச்செடுக்கும்போது விலா உள்வாங்கினால், பேசவோ குடிக்கவோ முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் முட்டுக்குச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைப்பது உங்கள் உரிமை. பம்ப் பாவித்தால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பி வைத்தியர் எழுதிய மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

காசு கொடுத்துக் கழுவக் கொடுத்த கார்ப்பட் ஈரமாக வந்தாலோ பழுதாகி வந்தாலோ கடைக்காரரோடு சண்டை பிடித்து ஓய்ந்துபோக வேண்டாம். கொடுக்கும்போதே பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கியோ சேவையைப் பெற்றோ 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பள்ளிவாசல் விரிப்புப் பற்றி நம்பிக்கையாளர் சபையிடம் கேட்பதும் ஜமாஅத்தாரின் உரிமை. எப்போது கழுவினீர்கள், எங்கே காய வைத்தீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கொவிட் காலத்தில் வீட்டிலிருந்து முஸல்லா கொண்டுபோய்த் தொழுதோம். முட்டு உள்ளவர்கள் அதை இன்றும் தொடரலாம்.

வீட்டுக்குப் பெரிய விரிப்புத்தான் வேண்டும் என்றில்லை. கிழக்கில் நம் பெண்கள் பின்னும் பன்பாயைத் தூக்கலாம், உதறலாம், வெயிலில் போடலாம். முட்டு உள்ள பிள்ளை தூங்கும் அறையில் கார்ப்பட் கிடந்தால், வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் அதைச் சுருட்டி வெளியே எடுங்கள்.