திருவெலும்பு மூட்டு

“இடுப்பைப் பிடித்துக்கொண்டது; குனிய முடியவில்லை” என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். உழவர், நெசவாளர், எழுத்தர் என எத்தொழில் செய்வோரையும் வருத்துவது கீழ்முதுகு வலி. ஆயினும், அது நோயின் பெயரன்று. நோயின் அறிகுறியே ஆகும். காய்ச்சலுக்குக் காரணங்கள் பல இருத்தல்போல இவ்வலிக்கும் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் பலரும் எண்ணிப் பாராத ஒன்றை இங்குக் காண்போம்.

நம் முதுகெலும்பு முள்ளெலும்புகள் பலவற்றால் ஆகியது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிற்குக் கீழே உள்ள 5 முள்ளெலும்புகள் இளமையில் தனித்தனியே இருந்து, உடல் வளர வளர ஒன்றாய்க் கூடி முக்கோண வடிவான ஓர் எலும்பாகின்றன. அதுவே திருவெலும்பு. இலத்தீன் மொழியிலும் அதன் பெயருக்குப் புனித எலும்பு என்பதே பொருள். அது இருபுறத்து இடுப்பெலும்புகளுக்கும் இடையே ஆப்பு அறைந்தாற்போல் பொருந்தியுள்ளது. அவ்வாறு பொருந்தும் இடங்கள் இரண்டும் திருவெலும்பு மூட்டுகளாகும். மருத்துவர்கள் இவற்றைச் சேக்ரோஇலியாக் மூட்டுகள் என்பர்.

தோள்மூட்டு சுழல்கிறது; முழங்கால் மூட்டு மடங்குகிறது. திருவெலும்பு மூட்டோ மிகச் சிறிதளவே அசையும். அவ்வசைவு நம் கண்ணுக்குப் புலனாகாது. இஃது அதன் குறையன்று. சுமை தாங்குவதே அதன் தொழில். தலை, கைகள், உடல் ஆகியவற்றின் எடை இம்மூட்டுகளின் வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. நாம் குதிக்கும்போது நிலத்திலிருந்து எழும் அதிர்ச்சியும் இவற்றின் வழியாகவே மேலேறுகிறது. இவற்றைச் சுற்றி வலிய நார்கள் இறுகப் பிணைத்துள்ளன.

அப்பிணைப்புத் தளர்ந்தாலும், மூட்டில் அழற்சி உண்டானாலும் வலி தோன்றும். வழுக்கி விழுந்து பிட்டம் தரையில் மோதுதல், கால்கள் இரண்டும் நீளத்தில் ஒவ்வாதிருத்தல் ஆகியன இதற்குக் காரணமாகலாம். கருவுற்ற மகளிர்க்கு மகப்பேற்றின்பொருட்டு இந்நார்கள் இயல்பாகவே நெகிழ்வதால் சிலர்க்கு இவ்வலி வருவதுண்டு.

1905ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான கோல்த்வெயிட், ஆஸ்குட் ஆகிய இருவரும் இம்மூட்டின் கோளாறுகளை விரித்து எழுதினர். 1934இல் அதே நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினர். அதன்பின் மருத்துவ உலகின் கவனம் வட்டின்மீது திரும்பியது. திருவெலும்பு மூட்டு பெரிதும் மறக்கப்பட்டது. பிற்காலத்து ஆய்வுகள் அதனை மீண்டும் நினைவூட்டின. நாட்பட்ட கீழ்முதுகு வலியுடையோருள் 100க்கு 15 முதல் 30 பேர் வரை இம்மூட்டினால் துன்புறுகின்றனர் என்று அவை மதிப்பிடுகின்றன.

இவ்வலி பெரும்பாலும் இடுப்பின் ஒரு புறத்தில், பிட்டத்தின் மேற்பகுதியில் தோன்றும். உட்கார்ந்து எழும்போதும், படியேறும்போதும், படுக்கையில் புரளும்போதும் மிகும். தொடைக்கும் பரவுவதால் வட்டுக் கோளாறு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. ஆதலின் மருத்துவர் பல சோதனைகளைச் செய்து பார்ப்பர். ஐயம் தீராவிடில், மூட்டினுள் உணர்வு நீக்கும் மருந்தைச் செலுத்துவர். உடனே வலி பெரிதும் குறையுமாயின், காரணம் அம்மூட்டே எனத் துணிவர்.

இளைஞர் சிறப்பாக அறிய வேண்டுவது ஒன்றுண்டு. தண்டுவட மூட்டு இறுக்க நோய் பெரும்பாலும் இம்மூட்டிலேயே தொடங்குகிறது. பொதுவாக உழைப்பால் வரும் முதுகுவலி ஓய்வினால் தணியும். இந்நோயின் வலியோ ஓய்வில் மிகுந்து, உடலை அசைக்கக் குறையும். காலையில் எழும்போது முதுகு விறைத்திருக்கும். இத்தகைய வலி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும். புறக்கணித்தால், சிலர்க்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து, நிமிரவும் இயலாத நிலை ஏற்படலாம்.

தக்க உடற்பயிற்சியும் மருந்துகளும் இவ்வலியைப் பெரிதும் தணிக்கும். ஆனால், காரணம் இன்னதெனத் தெளியாமல் கண்டவரிடம் இடுப்பைக் காட்டிச் சுளுக்கெடுப்பது தீங்காய் முடியலாம். வலிக்கும் இடத்தைக் காட்டுதல் நோயாளிக்கு எளிது. வலியின் காரணத்தைக் காண்பதற்கு மருத்துவ அறிவு வேண்டும். அவ்வறிவைக் காலத்தே நாடுவோர் நிமிர்ந்து நடப்பர்.